வெள்ளவத்தையில் அப்பா வரும் நேரம்

வசந்தியைத் திருச்சிக்கு அழைத்து வரத்தான் நான் கொழும்பு போனேன். ஆளில்லாமல் திரும்பினேன். ஏன் என்று எங்கள் நிர்வாகி இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார். ஒருதரம் எழுதிவிடுகிறேன், அப்புறம் யாரும் கேட்க வேண்டாம்.

கண்ணும் தெரியாமல் காதும் கேட்காமல் இருப்பவர்களுக்கான இல்லத்தில் எனக்கு வேலை. 'நபரை மையமாகக் கொண்ட வாழ்க்கைத் திட்டம்' என்று நிர்வாகி நீட்டி முழக்குவார். நான் சொல்வது இதுதான்: வாழப்போகிறவளைக் கேள். அவளுக்கு எது நல்ல நாள், எது கெட்ட நாள், யார் வேண்டும், எது இல்லாமல் இருக்க முடியாது, எங்கே இருக்க ஆசை. அவளை அறிந்தவர்களை அவள் கைக்கெட்டும் தூரத்தில் உட்கார வைத்துக் கேள். இதற்கு ஏன் அத்தனை பெரிய பெயர்?

வசந்தி பிறவியிலேயே காது கேளாதவள். பள்ளிக்கூடத்தில் எழுத்துப் படித்தாள். பிறகு பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வந்து, இருபது வயதில் முழுக்கப் போய்விட்டது. கொழும்பில், வெள்ளவத்தையில் சித்தியோடு இருந்தாள். கனடாவில் இருக்கும் அண்ணன், சித்திக்கு விசா எடுத்துவிட்டான். தங்கைக்கு மறுத்துவிட்டார்கள். அதனால் தங்கை திருச்சிக்கு, எங்கள் இல்லத்துக்கு. நேரில் போய் அவளைக் கேட்காமல் சேர்க்க மாட்டேன் என்று நான் பிடிவாதமாக நின்றேன். கேளுங்கள், ஆனால் கூட்டிக்கொண்டு போங்கள் என்றான் அண்ணன். கேட்பது என்றால் அவனுக்கு அவ்வளவுதான்.

போர் நடந்துகொண்டிருந்த காலம், விமான நிலையத்திலிருந்து வந்த வழியெல்லாம் சோதனைச் சாவடி. மணல் மூட்டைக்குப் பின்னால் துப்பாக்கி, துப்பாக்கிக்குப் பின்னால் மீசைகூடச் சரியாக முளைக்காத முகம். வெள்ளவத்தையின் பெரிய சாலையில் இறங்கியதும் எங்கள் ஊர்க் கடைவீதி மாதிரியே இருந்தது. புடவைக்கடை, நகைக்கடை, சைவச் சாப்பாட்டுக்கடை, பூக்காரி. ஏதோ குறைகிறது என்று மட்டும் பட்டது. கொஞ்சம் கழித்துத்தான் புரிந்தது: சத்தம். தமிழர் நிறைந்த தெருவில் ஒருவரும் தமிழில் சத்தம் போடவில்லை. எங்கள் ஊரில் கத்தாமல் கத்தரிக்காய் கூட வாங்க முடியாது.

கடல் பக்கம் இறங்கும், ஒழுங்கை என்று அவர்கள் சொல்லும் சந்துகளில் வரிசையாக லாட்ஜுகள். வடக்கிலிருந்து வந்து விசாவுக்குக் காத்திருப்பவர்கள் அறைக்கு நாலைந்து பேராக அடைந்து கிடந்தார்கள். எல்லா ஜன்னலிலும் திரை. நான் நடந்து போகப்போகத் திரைகள் ஒவ்வொன்றாக ஒரு விரலளவு விலகி மூடின. யாருடைய முகத்தையும் நான் பார்க்கவில்லை.

சித்தியின் பெயர் பத்மா. மெலிந்த, உயரமான பெண்மணி. நான் பத்மாக்கா என்று கூப்பிட்டேன், அவர் என்னை மிஸ் என்றார். வீடு மூன்றாம் மாடி. கீழே ரயில் பாதை, அதற்கு அப்பால் கடல். ரயில் போகும்போதெல்லாம் தரை நடுங்கியது. வசந்தி தரையில் உள்ளங்கையை ஊன்றி உட்கார்ந்திருந்தாள். என் கையை நகத்திலிருந்து முழங்கை வரை தடவி, கண்ணாடி வளையல்களில் நிறுத்தினாள். என் உள்ளங்கையில் விரலால் 'வளையல் அக்கா' என்று எழுதினாள். பேர் வைத்தாகிவிட்டது.

இவர்கள் வழக்கம் இது. ஒவ்வொருவரையும் உடம்பில் இருக்கும் ஒரு பொருளாலும் ஒரு தொடுகையாலும்தான் அடையாளம் காண்பார்கள். சித்தி என்றால் இரண்டு மெல்லிய தங்கக் காப்பு, கன்னத்தில் ஒரு தொடுகை. பள்ளித் தோழி ஜெசிந்தா என்றால் மோதிரம், முழங்கையில் ஓர் அழுத்தல். அப்பா என்றால் இரும்புப் பட்டி போட்ட கைக்கடிகாரம், தோளில் இரண்டு தட்டு.

மறுநாள் காலை பாணும் பருப்பும். எங்கள் ஊரில் காய்ச்சல்காரனுக்குக் கொடுக்கிற ரொட்டியை இங்கே ஆரோக்கியமாக இருப்பவனும் தின்கிறான். ஆனால் தேங்காய்ச் சம்பல் நன்றாக இருந்தது, அதை மறுக்க மாட்டேன். சாப்பிட்டு முடித்ததும் ஒரு தட்டை எடுத்துவைத்து வேலையைத் தொடங்கினேன். உன் வாழ்க்கையில் யார் யார் உண்டோ, அவர்களுக்கு ஒவ்வொரு பொருள் வை என்று அவள் கையில் எழுதினேன். சித்தியின் காப்பைக் கழற்றி வைத்தாள். ஜெசிந்தாவுக்கு ஒரு மெழுகுதிரித் துண்டு. ஜெசிந்தா வீட்டில் மெழுகுதிரிதான் தொழில். பிறகு கையை நீட்டி, அப்பாவின் கடிகாரம் எங்கே என்று கேட்டாள்.

பத்மாக்கா எழுந்து சமையலறைக்குப் போனார்.

அப்பா காணாமல் போய் ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது என்று அண்ணன் என்னிடம் போனில் சொல்லியிருந்தான். நான் வசந்தியின் கையில் எழுதினேன்: அப்பாவைக் கடைசியாக எப்போது பார்த்தாய்? 'பார்த்தாய்' என்றுதான் அவர்களிடமும் கேட்போம்.

'நேற்றுப் பின்னேரம்' என்று எழுதினாள்.

நான் பயணக் களைப்பில் தூங்கிப்போயிருந்த சாயங்கால நேரம். எங்கே இருக்க ஆசை என்ற கேள்விக்குப் போனேன். அதற்கு அவள் பதில் சொல்லவில்லை. அப்பாவின் சம்மதம் வேண்டும் என்றாள். அவர் சொன்னால்தான். எவ்வளவு சுற்றிவளைத்துக் கேட்டாலும் அதே பதில். திருச்சியா, கொழும்பா, வேறெங்காவதா, எல்லாவற்றையும் ஓர் இல்லாத மனிதர் மறித்துக்கொண்டு நின்றார்.

சமையலறையில் பத்மாக்காவைப் பிடித்தேன். தேங்காய் துருவிக்கொண்டே சொன்னார். "பாண் வாங்கப் போனவர் மிஸ். கடைக்காரன் அவர் வந்ததைக் கண்டவன், போனதைக் காணேல்ல."

"யாராவது வேனில் கடத்திப் போனார்களா?"

"ஆர் கண்டது?" என்றார். அதற்கு மேல் துருவல் சத்தம்தான்.

அன்று இருட்டும் நேரம் நான் என் அறையில் இருந்தேன். கரண்ட் இல்லை. முகச்சவரத்துக்குப் பிறகு ஆண்கள் பூசுகிற தைலத்தின் வாசனை வந்தது. அந்த வீட்டில் ஆண்பிள்ளை கிடையாது. எழுந்து போய்க் கூடத்தை எட்டிப் பார்த்தேன். ஜன்னலில் கடல் பக்கத்துச் சாம்பல் வெளிச்சம் மட்டும் இருந்தது. கட்டம் போட்ட முழுக்கைச் சட்டை அணிந்த ஒருவர் எனக்கு முதுகைக் காட்டி வசந்தியின் எதிரில் உட்கார்ந்திருந்தார். மணிக்கட்டில் கடிகாரம். அவளுடைய கை அவர் மடியில் விரிந்திருந்தது, அதில் அவருடைய விரல் வேகமாக எழுதிக்கொண்டிருந்தது. வசந்தி தலையை ஆட்டி ஆட்டிச் சோற்றை உருட்டித் தின்றாள்.

நான் பயந்தாங்கொள்ளி இல்லை. ஆனாலும் வாசற்படியைத் தாண்டவில்லை. அந்த உருவம் எழுந்து, வசந்தியின் தோளில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத் திரும்பியது. பத்மாக்கா. என்னைப் பார்த்தும் பாராதவர்போல நேராக அறைக்குள் போய்ச் சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார்.

அவர் மறைக்கவில்லை. "அண்டைக்கு அவர் வரேல்ல எண்டு பிள்ளை சாப்பிடேல்ல. அடுத்த நாளும் இல்லை. நான் என்ன செய்ய? அவரின்ரை சேட்டைப் போட்டன், மணிக்கூட்டைக் கட்டினன், போய்த் தட்டினன். சாப்பிட்டுட்டா."

"ஒரு வருடமாகவா?"

"இப்ப நான் செய்யிறன் எண்டு இல்லை மிஸ். அந்த நேரம் வந்தாக் கை தன்பாட்டிலை எழுதுது. எனக்குத் தெரியாத கதையெல்லாம் எழுதுது. அவர் வேலை செய்த கந்தோர்க் கதையள். நான் அந்தக் கந்தோரைக் கண்டதேயில்லை."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. செத்தவரை வைத்துச் சோறூட்டுகிறீர்கள், அவளிடம் உண்மையைச் சொல்லுங்கள் என்று கத்தினேன். அவர் குரலை உயர்த்தவில்லை.

"செத்தவர் எண்டு ஆர் சொன்னது? சொல்லுங்கோ, நான் பிள்ளையின்ரை கையிலை எழுதுறன். இருக்கிறார் எண்டா எங்கை எண்டும் சொல்லுங்கோ."

பிணம் இருந்தால் சொல்லலாம். அதுவும் இல்லாத வீட்டில் எந்த உண்மையை எழுதுவது? அப்பாவாக வந்து நீங்கள் அவளிடம் என்ன சொன்னீர்கள் என்று மட்டும் கேட்டேன். திருச்சிக்குப் போகச் சொன்னாராம். அப்படியானால் ஏன் அவள் இன்னும் அப்பாவைக் கேட்க வேண்டும் என்கிறாள்? இருவருக்கும் புரியவில்லை.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை வசந்தியும் நானும் பஸ் ஏறிக் கொட்டாஞ்சேனைக்கு, ஜெசிந்தா வீட்டுக்குப் போனோம். நடுவில் சாவடியில் எல்லோரையும் இறக்கி நடக்கவிட்டார்கள். பெண்களைத் துணி மறைப்புக்குள் விட்டுத் தடவிப் பார்ப்பது ஒரு பெண் போலீஸ். அவள் தொட்டதும், அது பேச்சு என்று வசந்தி நினைத்துவிட்டாள். தொடுவதெல்லாம் அவளுக்குப் பேச்சுதான். போலீஸ்காரியின் இரண்டு கைகளையும் பிடித்து, ஒவ்வொரு விரலாகத் தடவ ஆரம்பித்தாள். வெளியே துப்பாக்கிக்காரர்கள் என்னவோ கேட்டார்கள். நான் கண்ணையும் காதையும் காட்டி, இல்லை இல்லை என்று கையை ஆட்டினேன். அந்தப் பெண் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அசையாமல் நின்று, தடவி முடிக்கும் வரை கொடுத்துவிட்டு, சிங்களத்தில் மெதுவாக ஏதோ சொன்னாள். பின்னால் நின்ற அம்மாள் எனக்குத் தமிழில் சொன்னாள்: 'என் கையை யாரும் இப்படிப் பார்த்ததில்லை' என்றாளாம்.

வெளியே வந்தால் பஸ் எங்களை விட்டுவிட்டுப் போயிருந்தது. நடத்துநரைத் திட்டிக்கொண்டே ஆட்டோவில் போனேன். வசந்தி என் கையில் எழுதினாள்: 'அந்தப் பெண்ணின் கட்டைவிரலில் சூட்டுக்காயம். புதுச் சூடு. அடுப்பில் பழக்கமில்லாதவள்.'

ஜெசிந்தாவின் வீடு மாதா கோவிலுக்குப் பின்னால் ஒரு சந்தில். ஒரே அறை, ஒரு சாய்ப்பு. அவள் அம்மாவின் பெயர் லூர்து, கோவில் வாசலில் மெழுகுதிரி விற்கிறவர். ஜெசிந்தாவுக்கும் காது கேட்காது. அவள் செய்கிற சைகையை வசந்தி அவள் கைமேல் தன் கையை வைத்துப் படித்தாள். இரண்டு பேரும் திரிநூலை முறுக்கிக்கொண்டே பேசித் தள்ளினார்கள். வசந்தி வாய்விட்டுச் சிரித்ததை அங்கேதான் முதலில் கேட்டேன். வெள்ளவத்தை வீட்டில் அவள் உதடு அசைந்துகூட நான் பார்க்கவில்லை.

லூர்து பால் விடாத பிளேன்டீ கொடுத்தார், கூடவே ஒரு துண்டுக் கருப்பட்டி. "இங்கனயே வந்து இருக்கட்டும்னு எப்பவோ சொல்லிட்டேன் மிஸ். ஒரு ஊமை இருக்குற வீட்ல ரெண்டு ஊமை. எல்லாருக்கும் சேர்த்து நானே பேசிக்கிறேன். என் வாய்க்கு அது ஒரு கஷ்டமா?"

திரும்பி வந்து பத்மாக்காவிடம் சொன்னதற்கு, "கொட்டாஞ்சேனையிலையோ? எங்கடை பிள்ளையோ? மெழுகுதிரி விக்கவோ?" என்றார். மூன்று கேள்விகள். வசந்தியை ஒன்றுகூடக் கேட்கவில்லை.

பயண நாள் நெருங்கியது. வசந்திக்குப் பெட்டி வாங்கப் பத்மாக்கா மத்தியானமே புறக்கோட்டைக் கடைத்தெருவுக்குப் போனார். அவள் சம்மதிக்கவே இல்லை, பெட்டி எதற்கு என்று நான் சண்டை போட்டும் கேட்கவில்லை. நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். தரையில் இருந்த வசந்தி சட்டென்று எழுந்து சுவரில் இரண்டு கைகளையும் பதித்தாள். 'பெரிதாக எதுவோ விழுந்தது' என்று என் கையில் எழுதினாள். எனக்கு எதுவும் கேட்கவில்லை. ஜன்னலைப் பார்த்தேன், கடல் அப்படியே இருந்தது. கொஞ்ச நேரத்தில் ஒழுங்கைக் கடைகளின் கதவுகள் தடதடவென இறங்கின. லாட்ஜுகளில் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. நகரத்தின் அந்தப் பக்கம் குண்டு வெடித்து, சாலைகளை மூடிவிட்டார்கள் என்று எதிர்வீட்டுக்காரர் கதவிடுக்கில் சொல்லிவிட்டுப் பூட்டிக்கொண்டார்.

பத்மாக்கா வரவில்லை. போனும் வேலை செய்யவில்லை. பொழுது சாய்ந்து இருட்டத் தொடங்கியது. ரயிலும் ஓடவில்லை. அதுவரை நடுங்கிக்கொண்டே இருந்த தரை அசையாமல் கிடந்தது. அது எனக்கே பயமாக இருந்தது என்றால், அந்தத் தரையைத் தவிர வேறு உலகம் இல்லாதவளுக்கு எப்படி இருந்திருக்கும்?

அப்பா வரும் நேரம் ஆகிவிட்டது. வசந்தி எழுந்து சித்தியின் அறைக்குள் போனாள். அலுமாரி திறக்கிற சத்தம். கட்டம் போட்ட சட்டையையும் கடிகாரத்தையும் எடுத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள். எங்கே இருக்கும் என்று தேடவே இல்லை. என் கண்ணாடி வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றித் தரையில் வைத்தாள். சட்டையை என் தோளில் போட்டாள். கடிகாரத்தைக் கட்டினாள். இரும்புப் பட்டி ஐஸ் மாதிரி இருந்தது.

'உனக்குத் தெரியுமா?' என்று எழுதினேன்.

'முதல் நாளே. சித்தியின் விரல் நடுங்கும். அப்பாவின் விரல் நடுங்காது.'

'பிறகு ஏன் சாப்பிட்டாய்?'

'நான் சாப்பிடாவிட்டால் சித்தியும் சாப்பிடமாட்டாள்.' பிறகு எழுதினாள்: 'சித்தி அப்பாவாக வந்தால் சித்தி சொல்வதைத்தான் சொல்வாள். நீ கேட்கிறவள். யாருக்கும் எதையும் சொல்கிறவள் இல்லை. இன்றைக்கு நீ அப்பாவாக இரு.'

இருபது வருடமாக நான் செய்துவரும் வேலையை என் மூஞ்சியிலேயே திருப்பி எறிந்தாள். உன் முடிவு உன்னுடையது, யார் சம்மதமும் வேண்டாம் என்று அவளுக்கு நான் எழுதப் போனேன். அவள் என் விரலைப் பிடித்து நிறுத்தினாள். யாருடைய சம்மதமும் இல்லாமல் வீட்டை விட்டுப் போகிறவள் அவள் இல்லை. அப்பாவிடம் கேட்காமல் அவள் பாண் துண்டு எடுத்ததில்லையாம். அது அவள் வளர்ந்த முறை. நபரை மையமாக வைப்பது என்றால் அந்த நபரின் அப்பாவையும் சேர்த்துத்தான் வைக்க வேண்டும் போலிருக்கிறது. இதை எங்கள் பயிற்சியில் எவரும் சொல்லித் தரவில்லை.

எதிரில் உட்கார்ந்தேன். அவள் தோளில் இரண்டு தட்டுத் தட்டினேன். அவள் முகம் மாறியது. நான் யாரென்று நன்றாகத் தெரிந்தே மாறியது. என் உள்ளங்கையை விரித்து நிதானமாக எழுதினாள்:

'அப்பா, நான் கொட்டாஞ்சேனைக்குப் போகிறேன். ஜெசிந்தாவோடு இருக்கப்போகிறேன். சித்தி கனடா போகட்டும். சரியா?'

அவள் என் கையை எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்துக் காத்திருந்தாள். வாசனை அந்தச் சட்டையிலிருந்துதான் வந்தது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் என் தோளுக்குப் பின்னால் யாரோ நின்று நான் எழுதப்போவதைப் பார்ப்பது போலிருந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

'போயிட்டு வா பிள்ளை' என்று எழுதினேன். எழுதியது நான்தான், அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். ஆனால் என் ஆயுளில் நான் யாரையும் பிள்ளை என்று கூப்பிட்டதில்லை. பத்மாக்கா கூப்பிட்டுக் கூப்பிட்டுக் காதில் தங்கியிருக்கும் என்று வைத்துக்கொண்டேன். வேறு எப்படி வைத்துக்கொள்வது? என் விரல் நடுங்கவே இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வசந்தி என் கையை நெற்றியில் ஒற்றிக்கொண்டாள். பிறகு கடிகாரத்தைக் கழற்றி, சட்டையை மடித்து, கொண்டுபோய் அலுமாரியில் வைத்துவிட்டு வந்து, நான் ஆக்கிய உப்பில்லாத குழம்பை முகம் சுளிக்காமல் சாப்பிட்டாள்.

பத்மாக்கா இரவில், வழி முழுக்க நடந்து வந்தார். கால் செருப்பில் ஒன்று அறுந்திருந்தது, பெட்டி கையில் இருந்தது. கண்ணாடித் தூள் தலைமயிரில் மினுங்கியது. வசந்தி அவர் முகத்தைத் தடவி, காயமில்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகு, அப்பா சம்மதித்துவிட்டார் என்று எழுதினாள். பத்மாக்கா என்னைப் பார்த்தார். அலுமாரி இருந்த அறையைப் பார்த்தார்.

"வந்தவரோ?" என்று என்னிடம் கேட்டார்.

வசந்தியே அவர் கையில் மேலும் எழுதினாள். பத்மாக்கா அதை மெல்ல வாய்விட்டுப் படித்ததால் எனக்கும் தெரிந்தது. இனி அப்பாவை அனுப்ப வேண்டாம், போகும்வரை நீயே வந்து என்னோடு சாப்பிடு. பத்மாக்கா நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்து அழுதார். ஒரு வருட அழுகை. நான் வெந்நீர் வைக்கப் போய்விட்டேன்.

போன் வேலை செய்ய ஆரம்பித்ததும் கனடா அண்ணன் கூப்பிட்டுக் கத்தினான். அவளுக்கு என்ன தெரியும் என்றான். உனக்கு என்ன தெரியும் என்று நானும் கத்தினேன். கடைசியில் பத்மாக்கா போனை வாங்கி, "தம்பி, உன்ரை அப்பா ஓமெண்டு சொல்லிப்போட்டார்" என்று சொல்லி வைத்துவிட்டார். அதற்கு மேல் அவன் கூப்பிடவில்லை.

கொட்டாஞ்சேனையில் குடியேற வேண்டுமென்றால் போலீஸில் பதிய வேண்டும். தமிழர்கள் எங்கே படுத்தாலும் அவர்களுக்குத் தெரிந்தாக வேண்டும். நான், பத்மாக்கா, வசந்தி, லூர்து எல்லோரும் போனோம். வயதான போலீஸ்காரர், சிங்களம் மட்டும் பேசினார். லூர்து தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார். கொழும்பில் ஏன் இருக்கிறீர்கள், எது வரைக்கும்? இந்த இரண்டு கேள்விகள்தான். எனக்குப் பயணச்சீட்டு நாள் வரை. பத்மாக்காவுக்குக் கனடா போகும்வரை. வசந்தியைக் காட்டி அதையே கேட்டார். யாரும் அவளுக்காகப் பதில் சொல்லக்கூடாது என்று நான் எல்லோரையும் கையமர்த்திவிட்டு, கேள்வியை அவள் கையில் எழுதினேன்.

என்னிடம் அவள் ஒருநாளும் நேராகச் சொல்லாத பதிலை, லூர்துவின் கையில் எழுதி அவருக்குச் சொன்னாள்.

"இங்க இருக்க ஆசையாம்," என்று லூர்து சிங்களத்தில் சொல்லி, தமிழிலும் சொன்னார். "சாகுற வரைக்குமாம்."

போலீஸ்காரர் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி அவளையே பார்த்தார். போகிற நாள் இல்லாமல் இந்தக் கட்டத்தை நிரப்ப முடியாது, யாரும் இதுவரை அப்படிச் சொன்னதில்லை என்றார். நான் அதையும் அவள் கையில் எழுதினேன். வசந்தி மேசையின் மரத்தைத் தடவிக்கொண்டிருந்தாள்.

அவர் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டு, முத்திரையைக் குத்தினார். மேசை அதிர்ந்தது. வசந்தி சிரித்தாள்.